ஆதிச் செல்லுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கண்ணால் பார்த்ததை வரைந்தேன். அதற்காக என்னை இரண்டு தடவை ஃபெயிலாக்கினார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அப்படியொன்றும் நல்லவள் கிடையாது. இந்தக் கதை முடிவதற்குள் ஒரு பெரிய மனிதர் படாத பாடு படுவார். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

நான் ஒரு கல்லூரியின் உயிரியல் துறையில் ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஸ்லைடு கழுவுவது, வெங்காயத் தோல் உரிப்பது, சாயப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, எல்லாம் என் வேலை. பழைய டெக்னீசியன் ஓய்வு பெற்றுப் போனபின் பதினோரு வருஷமாக அவர் வேலையும் என் தலையில்தான். வேலை என்னிடம் வந்துவிட்டது, பதவி மட்டும் வரவில்லை. அது வர ஒரு தேர்வு எழுத வேண்டும். ஒரே கேள்விதான்: மைக்ரோஸ்கோப்பில் தெரிவதை வரைந்து பாகம் குறிக்கவும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டைவிட்டால் ஆய்வகத்தைவிட்டே கிளம்ப வேண்டும். பின்பக்கம் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கும் கிடங்குக்கு என்னைக் காவலாளியாக அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பது வருஷம் கண்ணாடியும் சாயமுமாகப் புழங்கிய கை, இனிமேல் நாற்காலிக் கால்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்பதில்தான் வம்பே ஆரம்பித்தது.

எங்கள் துறையில் ஒரு ஸ்லைடு உண்டு. பேர் ஆதிச் செல். நீல வெல்வெட் விரித்த மேடைமேல் தனி மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் துறைத் தலைவர் மாணவராக இருந்தபோது, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், தன் கையால் போட்ட முதல் ஸ்லைடு அது. வட்டமென்றால் அப்படியொரு வட்டம். சுற்றிலும் தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் பளிச்சென்று வெறுமை. அந்த வட்டம்தான் துறையின் முத்திரை. கடிதத் தாளில் அது, வாசல் கதவில் அது, முதல் மாணவருக்குத் தரும் பதக்கத்தில் அது.

அது ஒரு காற்றுக் குமிழி.

ஸ்லைடு போடுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் விஷயம் இது. மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடியை ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்து, ஊசியால் தாங்கிப் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். லென்ஸில் பார்த்தால் அந்தக் காற்று தடித்த கறுப்புக் கரை போட்ட வட்டமாகத் தெரியும். தலைவர் அன்றைக்குத் தொப்பென்று போட்டிருக்கிறார். சுற்றிலும் பிசின் இறுகிவிட்டது. அடியில் மாட்டிய காற்று முப்பத்தொரு வருஷமாகப் பேரும் புகழுமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

முதல் தடவை தேர்வெழுதும்வரை அந்தக் கூண்டு மைக்ரோஸ்கோப்பில் நான் குனிந்து பார்த்ததே இல்லை; தேர்வுக்கு அதே ஸ்லைடைத்தான் வைப்பார்கள் என்றும் தெரியாது. லென்ஸில் குமிழியைப் பார்த்ததும் 'அட, காற்று' என்று ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே வெங்காயத் தோல் அழகாக இருந்தது. செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள், ஒவ்வொன்றுக்கும் சுவர், ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளியாக உட்கரு. பார்த்ததை வரைந்து கொடுத்தேன். முட்டை மதிப்பெண். 'செல் வட்டமானது. பரீட்சார்த்தி சுவர் கட்டியிருக்கிறார்' என்று சிவப்பு மையில் குறிப்பு. மறுநாளே ஸ்லைடு நகராதபடி இரண்டு பக்கமும் அரக்கு வைத்து ஒட்டிவிட்டார்கள். நகர்த்துகிற திருகுக்கும் அரக்கு.

இரண்டாம் தடவை நகர்த்த வழியில்லை. சரி, வட்டம்தானே என்று வட்டத்தை வரைந்தேன். கோடு இழுத்துப் பாகம் குறிக்கும்போது கை கேட்கவில்லை. 'காற்றுக் குமிழி' என்று எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

விசாரணைக் குழு கூடிற்று. தலைவரின் அறை வாசலில், நடைபாதை பெஞ்சில், நாலு மணி நேரம் என்னை உட்கார வைத்தார்கள். வாசலுக்கு முன்னறையில் துணைத் தலைவர் இருப்பார். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பது அவர் கையில். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் சவ்வு. உள்ளே இருப்பவருக்கு வைத்த பேர் உட்கரு. அந்தப் பேரை மாணவர்கள் வைக்கக்கூட இல்லை, அவரே வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் முதல் வகுப்பில் அவர் பேசுகிற பேச்சு அப்படி. அதை அன்றைக்கு எனக்காகத் தனியாக ஒரு தடவை பேசினார்.

"இந்தத் துறை ஒரு செல்மா. நான் உட்கரு. என்கிட்டதான் எல்லாத் தகவலும் இருக்கு. துணைத் தலைவர் சவ்வு. நல்லதை விடுவார், கெட்டதைத் தடுப்பார். டைப் பண்ற அந்தப் பொண்ணு ரைபோசோம். நான் சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம உண்டாக்கிக் கொடுக்கும். நீ யாரு சொல்லு?"

"ஆய்வக உதவியாளர் சார்."

"வாக்குவோல். கழிவு தேங்கற பை. பை பேசக்கூடாது."

சவ்வு தலையாட்டினார். மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் 'பை பேசக்கூடாது' என்பதையும் ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்தாள்.

"உயிரோட வேதியியல் தெரியுமா உனக்கு? கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன். மனுஷ உடம்புல எழுபது சதவீதம் தண்ணி. மீதி முப்பது சதவீதம் என்ன?"

"புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு..."

"பணிவு! மீதி முப்பதும் பணிவு. உன்கிட்ட தண்ணி மட்டும்தான் இருக்கு."

நான் மெதுவாகச் சொன்னேன். "சார், செல்லுன்னா உட்கரு தெரியணுமே. அந்த வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லியே."

"தெரியாது. ஏன்னா அது அடக்கமான உட்கரு. தன்னைக் காட்டிக்காது. முப்பத்தொரு வருஷமா ஆயிரக்கணக்கான பேர் பாத்திருக்காங்க. ஒருத்தராவது காத்துன்னு சொன்னாங்களா?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் போயிற்று.

எனக்காகவே இரண்டு புது விதிகள் பிறந்தன. விதி பதினாறு: உயிருள்ளதை உயிரற்றது என்றோ, உயிரற்றதை உயிருள்ளது என்றோ சொல்பவர், பாதிக்கப்பட்ட செல்லிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். விதி பதினேழு: ஆய்வகத்துக்கு வரும் எல்லா மாதிரியையும் உதவியாளர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உட்கரு தெரிந்தால் உயிருள்ளது, தெரியாவிட்டால் உயிரற்றது. உயிரற்றது மறுநாளே இருப்பிலிருந்து நீக்கப்படும். பதிவேட்டில் ஏறியதை யாராலும், தலைவராலும், மாற்ற முடியாது. ஆதிச் செல்லுக்கு மட்டும் விலக்கு.

பாலூட்டிகளின் ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது என்று சொல்ல வாய் வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். மூடிக்கொண்டேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். உட்கரு அதை வாங்கிப் படிக்கவில்லை. அயோடின் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். தாளில் இருக்கும் மாவுச்சத்துக்கு அது நீலக் கறுப்பாக மாறிற்று. மாறாமல் என்ன செய்யும்?

"பாருங்க துணைத் தலைவரே. கடிதம் முழுக்க மாவு. சத்தியம் புரதத்துல இருக்கும். இதுல புரதமே இல்லை. மறுபடி எழுதச் சொல்லுங்க."

ஏழு தடவை எழுதினேன். ஏழும் கறுத்தது. எட்டாவது தடவை அயோடின் தீர்ந்துபோனதால் கடிதம் ஏற்கப்பட்டது.

அறுபது மாணவர்கள் நிற்க, கண்ணாடிக் கூண்டின் முன்னால் நின்று படித்தேன். 'பெருமதிப்புக்குரிய ஆதிச் செல் அவர்களுக்கு. தங்களைக் காற்று என்று சொன்னது என் அறியாமை. தாங்கள் உயிருள்ளவர். இனிமேல் தங்களைத் தங்கள் தகுதிக்கு ஏற்ப வரைவேன் என்று உறுதி கூறுகிறேன்.' குரல் எனக்கே கேட்கவில்லை. உட்கரு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"சத்தமா படிம்மா. செல்லுக்குக் கேக்கணும்."

பசங்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஸ்லைடு போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். மறுபடி முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போது, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். நாலாக மடித்து என் வேலைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தையல் வேலை செய்கிறவர். அளவு தப்பினால் துணி வீணாகும் என்று தெரிந்தவர். அவரே சொன்னார். "ஒரு வட்டத்தைப் போட்டு செல்லுன்னு எழுதிட்டு வாயேன். உனக்கென்ன குறைஞ்சு போகுது?"

"நாப்பது இஞ்ச் இடுப்பை முப்பதுன்னு எழுதுவீங்களா?"

"அவன் போட்டுக்கவே முடியாதே."

"அதேதான்."

அவர் பென்சிலை எடுத்துக் கூர் சீவ ஆரம்பித்தார்.

அடுத்த மாதமே மதிப்பீட்டாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. துறைக்குச் 'சிறப்புத் துறை' என்ற பட்டம் தரலாமா என்று பார்க்க வெளியிலிருந்து வருகிறவர். துறை தலைகால் புரியாமல் ஆடிற்று. மாணவர்களுக்கு ஒத்திகை வைத்தார்கள். லென்ஸில் குனிந்ததும் மூன்று எண்ணி 'ஆஹா' என்று சொல்ல வேண்டும். மூன்றுக்கு முன்னால் சொன்னால் நடிப்பு மாதிரி இருக்குமாம். உயிரின் ஏழு அடையாளங்களை ஏழு மாணவர்கள் அட்டை பிடித்து நடித்துக் காட்டினார்கள். 'இனப்பெருக்கம்' என்ற அட்டை பிடித்த பையனைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். சவ்வு வாசலை நாலு தடவை பெயின்ட் அடிக்க வைத்தார்.

உட்கருவுக்கு ஒரு புது யோசனை உதித்தது. ஆதிச் செல்லைக் காட்டினால் மட்டும் போதாது. விருந்தாளி முன்னால் தன் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி, தன் செல்லையே ஸ்லைடு போட்டு, ஆதிச் செல்லின் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

"என் செல்லும் அதே மாதிரி இருக்கும்மா. வட்டமா, தடிச்ச சுவரோட."

"சார், கன்னத்துல இருக்கறது விலங்குச் செல். அதுக்குச் சுவரே கிடையாதுங்களே. தாவரத்துக்குத்தான் சுவர்."

"உனக்குக் கிடையாது. எனக்கு இருக்கும்."

என்னுடைய மூன்றாவது தேர்வும் அன்றைக்கே, அதே மேசையில், விருந்தாளி கண்முன்னால் என்றார். கீழ்மட்ட ஊழியரையும் துறை எப்படித் திருத்தியிருக்கிறது என்று காட்டப் போகிறாராம். "இந்தத் தடவை பாகம் குறிக்கறப்போ கை நடுங்கக் கூடாது. கிடங்குல நாற்காலி நிறைய இருக்கு" என்றார்.

தட்டை நான்தான் தயார் செய்ய வேண்டும். சுரண்ட மரக்குச்சி, கண்ணாடி, மூடுகிற மெல்லிய கண்ணாடி, நீலச் சாயம், சொட்டுக்குழாய் எல்லாம் வரிசையாக வைத்தேன். கண்ணாடியைத் தாங்கி இறக்குகிற ஊசியை மட்டும் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள்.

மதிப்பீட்டாளர் சின்ன உருவம். நரைத்த முடி, தோளில் ஒரு துணிப்பை. ஏழு அடையாளங்களையும் முகம் மாறாமல் பார்த்தார். ஆதிச் செல்லின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பின்னால் நின்ற மாணவர்கள் மூன்று எண்ணி ஆஹா என்றார்கள். நிமிர்ந்தவர், பையிலிருந்து துணி எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"இது செல்லுங்களா?" என்று கேட்டார்.

"ஆதிச் செல்லுங்க மேடம்!" உட்கரு நெஞ்சை நிமிர்த்தினார். "இருங்க, இப்ப என் செல்லைப் பாருங்க. ரெண்டும் ஒரே குடும்பம்."

கன்னத்தைச் சுரண்டினார். குச்சியைக் கண்ணாடியில் தேய்த்தார். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஸ்லைடு தொடுகிற கை, சாயத்தைப் பாதி மேசையில் கொட்டிற்று. மூடுகிற கண்ணாடியை எடுத்தார். தொப்பென்று போட்டார். லென்ஸில் குனிந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"பாருங்க! வட்டம்! சுவர்!"

மதிப்பீட்டாளர் பார்த்தார். "உட்கரு தெரியலியே?"

"அடக்கம் மேடம். பரம்பரை அடக்கம்."

"அப்ப இதுவும் அதுவும் ஒரே வகைன்னு சொல்றீங்க?"

"இம்மி வித்தியாசம் கிடையாது!"

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதிப்பீட்டாளர் அடுத்ததாக, "உங்க துறையில ஏதோ பதிவேடு விதி இருக்காமே, அது எப்படி நடக்குது?" என்றார். உட்கருவுக்கு வாயெல்லாம் பல். "நீயே காட்டும்மா. விதிப்படி எழுது."

விதிப்படி எழுதினேன். மாதிரி கொடுத்தவர்: துறைத் தலைவர். உட்கரு: தெரியவில்லை. விதி பதினேழின்படி முடிவு: உயிரற்றது. ஆதிச் செல்லுக்கு விலக்கு உண்டு. தலைவருக்கு விலக்கு எழுத அவர் மறந்திருந்தார். தினமும் அறுபது கையெழுத்துப் போடுகிறவர், இதையும் படிக்காமல் அறுபத்தொன்றாவதாகப் போட்டார்.

பிறகு என் தேர்வு. வட்டத்தை வரைந்தேன். கோட்டை இழுத்தேன். கை நடுங்கவில்லை. 'காற்றுக் குமிழி' என்று தெளிவாக எழுதி, விருந்தாளி பார்க்க மேசையில் வைத்தேன். உட்கருவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வெளியாள் முன்னால் என்ன செய்வார்? "நாளைக்குத் திருத்தறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

போகும்போது மதிப்பீட்டாளர் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "தட்டுல ஊசி இல்லியேம்மா?"

கோட்டுப் பையிலிருந்து ஊசியின் தலையை மட்டும் காட்டினேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் உட்கரு என் தாளைத் திருத்தவில்லை. அவர் உயிரோடு இல்லை.

பதிவேட்டின் நகல் தட்டச்சு மேசைக்குப் போயிருந்தது. அந்தப் பெண் வழக்கம்போல ஒரு எழுத்து மாற்றாமல் உத்தரவு தயாரித்துவிட்டாள்: 'மாதிரி: துறைத் தலைவர். உயிரற்றது. இருப்பிலிருந்து நீக்கப்படுகிறது.' பத்து மணிக்குள் அறை வாசலில் பெயர்ப் பலகை கழன்றது. பதினொரு மணிக்குச் சவ்வு பொறுப்புத் தலைவர். பன்னிரண்டுக்கு இரங்கல் கூட்டம்.

அதற்கு உட்கருவும் வந்தார். ஏதோ பாராட்டுக் கூட்டம் என்று நினைத்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் படத்துக்குப் பக்கத்தில் மலர்வளையம் இருந்ததும் உறுத்தவில்லை. தன்னைப் பற்றி எது நடந்தாலும் அவருக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். எல்லோரும் எழுந்து மௌனம் அனுசரித்தபோது அவரும் எழுந்து நின்றார். தீர்மானத்தைப் படித்து முடித்ததும் கையைத் தூக்கினார்.

"'சிறந்த அறிஞர்'ங்கற இடத்துல 'ஈடு இணையற்ற'ன்னு சேத்துக்கோங்க."

சேர்த்தார்கள். அவர் திருத்தம் செய்து ஒப்புதல் கொடுத்ததாகக் குறிப்பேட்டில் ஏறிற்று. அதோடு கதை முடிந்தது.

அறைக்குத் திரும்பியபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. சவ்வு வாசலை மறித்து நின்றார்.

"மன்னிக்கணும் சார். உயிருள்ளவங்களுக்குத்தான் அனுமதி."

"யோவ், நான் மூச்சு விடறேன்யா! அசையறேன்! கோபம் வருது பாரு, தூண்டலுக்குத் துலங்கறேன்!"

"நெருப்பும் அசையும் சார். வளரும். ஆக்சிஜனையும் எடுத்துக்கும். அதனால அது உயிருள்ளதான்னு முதல் வகுப்புல நீங்கதானே கேப்பீங்க?"

"பதிவேட்டை மாத்து!"

"தலைவராலயும் மாத்த முடியாதுன்னு விதி சார். நீங்க இப்ப தலைவரும் இல்லை."

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த ஸ்லைடில் தெரிந்தது தன் செல்லே இல்லை, அது வேறு ஏதோ என்று எழுத்தில் கொடுத்தால், மாதிரியை மறுபடி எடுத்துச் சோதிக்கலாம். வேறு ஏதோ என்றால் என்ன? காற்றுக் குமிழி. அப்படி எழுதினால், இம்மி வித்தியாசம் கிடையாது என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆதிச் செல்? அதுவும் காற்றுக் குமிழி. வாசல் கதவு, கடிதத் தாள், பதக்கம், முப்பத்தொரு வருஷம், எல்லாமே காற்று. ஆக, பெருமையோடு பிணமாக இருக்கலாம், அல்லது குமிழியை ஒப்புக்கொண்டு உயிரோடு வரலாம்.

இருபத்துமூன்று நாள் அவர் பிணமாகவே இருந்தார். நான் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த அதே நடைபாதை பெஞ்சில் தினமும் வந்து உட்கார்ந்தார். மாணவர்கள் வணக்கம் சொல்லாமல் கடந்து போனார்கள். போனவருக்கு யார் வணக்கம் சொல்வார்கள்? பெருக்கிக்கொண்டு வரும்போது நான் மட்டும் "காலைத் தூக்குங்க சார்" என்பேன். தூக்குவார். எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், ஒரு நாள் வந்தது. அன்றைக்குக் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வந்த வழியே போய்விட்டது.

இருபத்துநாலாம் நாள் காலையில் ஆய்வகத்துக்கு வந்தார். ஒரு தாளை நீட்டினார். 'என் ஸ்லைடில் தெரிந்தது காற்றுக் குமிழி. ஆதிச் செல்லும் அவ்வாறே.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

நான் அயோடின் புட்டியை எடுத்தேன். ஒரு சொட்டு விட்டேன். தாள் கறுத்தது.

"மாவுச்சத்துதான் இருக்கு சார். புரதம் இல்லை. மறுபடி எழுதுங்க."

"ஏம்மா, எந்தத் தாள்ல விட்டாலும் கறுக்குமேம்மா!"

"தெரியுமா சார் உங்களுக்கு?"

அவர் குனிந்து எழுதினார். முதல் தாளோடு சேர்த்து ஏழு தாள். ஏழும் கறுத்தது. இந்தத் தடவை புட்டியில் அயோடின் நிறைய இருந்தது. எட்டாவதை நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு அவர் கன்னத்தைச் சுரண்டி நானே ஸ்லைடு போட்டேன். சாயம் ஒரே ஒரு சொட்டு. ஊசியால் தாங்கி, சாய்த்து, மெதுவாக இறக்கினேன். லென்ஸில் நீலம் தெளிவாகத் தெரிந்தது. ஓரம் ஒழுங்கில்லாத மெல்லிய செல், சுவர் கிடையாது, நடுவில் ஒரு அடர்ந்த புள்ளி. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுவா நான்?"

"நீங்கதான் சார். நடுவுல இருக்கே, அதுதான் உட்கரு. எனக்கும் இதே மாதிரிதான் இருக்கும். டைப் பண்ற பொண்ணுக்கும் இதே மாதிரிதான்."

பதிவேட்டில் 'உயிருள்ளது' என்று எழுதினேன். உயிர் வந்ததும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தேர்வாளர் உயிருடன் இல்லாததால் இருபத்துமூன்று நாளாக நிலுவையில் கிடந்த என் தாளைத் திருத்துவது. பேனாவைக் கையில் கொடுத்தேன். வட்டம், கோடு, 'காற்றுக் குமிழி'. தன் கையாலேயே எட்டு தடவை எழுதிய விடை. முழு மதிப்பெண் போட்டார். நான் டெக்னீசியன் ஆனேன். அந்தக் கையெழுத்தின் ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? விதி பதினாறு பாக்கி இருக்கே."

நின்றார். அதை எழுதியவருக்கு மறக்குமா? உயிரற்றதை உயிருள்ளது என்று சொன்னவர், பாதிக்கப்பட்ட செல்லிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்போது மணி பத்தாகியிருந்தது. முதலாமாண்டு செய்முறை வகுப்புக்கு அறுபது மாணவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுப்பதானால் அன்றைக்குக் காலையில் வரும்படி அவருக்கு நான்தான் சவ்வு மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கண்ணாடிக் கூண்டைத் திறந்தேன். அரக்கைச் சுரண்டி எடுத்தேன். ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். செங்கல் அடுக்கிய மாதிரி வெங்காயச் செல்கள் அங்கேயே இருந்தன. பாவம், முப்பத்தொரு வருஷமாக ஒரு குமிழிக்குப் பக்கத்தில், பார்ப்பார் இல்லாமல்.

"பாருங்க சார். நீங்க போட்டதுதான். நல்லாத்தான் உரிச்சிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்துப் பிரித்து அவர் கையில் வைத்தேன். 'ஆதிச் செல்' என்ற இடத்தில் 'வெங்காயச் செல்' என்றும், 'காற்று' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லாதவர்' என்றும் முன்பே திருத்தி வைத்திருந்தேன். மற்றபடி ஒரு எழுத்து மாற்றவில்லை.

அறுபது பேரும் கூண்டைச் சுற்றி நின்றார்கள். அவர் வாயசைந்தது. சத்தம் வரவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"சத்தமா படிங்க சார். செல்லுக்குக் கேக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.